துரு அண்ணி கட்டிய பல் செட்

பல் டாக்டர் கீழ்த்தளத்தில் இருந்தார். வாயைத் திறக்கச் சொல்வார், குடைவார், பிடுங்குவார், கடைசியில் ஈறை அச்செடுத்து ஒரு டப்பாவில் போட்டு மாடிக்கு அனுப்புவார். மாடியில் உட்கார்ந்து அந்த அச்சுக்குப் பல் கட்டுகிறவள் அண்ணி. ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு விளக்கு, பக்கத்தில் அரைக்கிற மெஷின். தெருவில் யாராவது நின்று சிரித்தால் முகத்தை விட்டுவிட்டுப் பல்லையே உற்றுப் பார்ப்பாள். அதைச் சிலர் தப்பாக எடுத்துக்கொண்டதும் உண்டு.

அவளை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். முழுப்பெயர் துரு அண்ணி. அந்தத் துரு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

அண்ணியின் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். எப்போதாவது வருவார், வீட்டில் இருக்கிற எல்லாப் பாத்திரத்தையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்றபடி வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன். கொழுந்தன் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். வாரம் முழுக்கக் கண்ட ஆபீஸிலும் மண்டிபோட்டுக் கறுப்புத் தூளைத் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். அங்கே கல்யாணமானவன், ஆகாதவன், தலை நரைத்தவன் என்று ஒரு கூட்டமே கூடி, பெரிய மேஜை மேல் கட்டைவிரல் உயரப் பொம்மைப் படைகளை நிறுத்தி, டேப்பால் அளந்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். வாள் பிடித்த வீரன், கோடரி தூக்கிய பூதம், சிறகு முளைத்த பல்லி என்று அதில் இல்லாத ஜந்து கிடையாது.

இந்தப் பொம்மைகள் கடையில் வாங்கும்போது சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகளாகத்தான் வரும். வெட்டி, ஒட்டி, சாயம் பூசுவதெல்லாம் வாங்கினவன் பாடு. ஹாலில் ஒரு சட்டம் உண்டு. சாயம் பூசாத பொம்மை மேஜையில் கால் வைக்கக் கூடாது. கொழுந்தனும் வேறு வழியில்லாமல் ஒரு வீரனுக்குப் பூசினான். பெயிண்ட் டப்பாவுக்குள் தவறி விழுந்தவனை யாரோ தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது அது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு, அதில் ஒன்று கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் அதைப் பார்த்த அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. பல்லின் ஓரம் ஒரு மயிரிழை பிசகினாலும் தூக்கம் பிடிக்காத ஜென்மம் அவள். "கொண்டாங்க தம்பி" என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணை மட்டும் சரிசெய்யலாம் என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு மூக்கு, பிறகு மீசை, பிறகு இடுப்புப் பட்டை. தட்டில் இருந்தது ஆறி அவலாகிவிட்டது. மாமியார் மூடி வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அன்று பிடித்த பைத்தியம் பிறகு தெளியவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் பாதி அண்ணிக்கு என்று ஆகிவிட்டது. பழைய டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சு, அதன் மேல் வெண்ணெய்த் தாள், அதன் மேல் சாயம். அப்படி வைத்தால் காயாது. தூரிகை நுனியை உதட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் ஊசி முனை மாதிரி வரும். "இவ சோத்தைவிட பெயிண்ட்தான் அதிகம் சாப்பிடுறா" என்று மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் புகார் சொன்னாள். தூரிகை அலசும் டம்ளரும் டீ டம்ளரும் பக்கத்திலேயே இருக்கும். ஒருநாள் மாமனார் பேச்சு சுவாரசியத்தில் பிஸ்கட்டை எடுத்துத் தப்பான டம்ளரில் முக்கி வாயில் போட்டுவிட்டு, "இன்னிக்கு டீ கொஞ்சம் ஊதாவா இருக்கேம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிப்பட்ட மனுஷன்.

பொம்மைக்குச் சாயம் பூசுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீரனின் முகம் மொத்தமே ஒரு பட்டாணி அளவு. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் கண்ணுக்கு அது முகமாகத் தெரிய வேண்டுமானால், நிஜத்தில் இருப்பதைவிட நிழலை இன்னும் கறுப்பாகவும் வெளிச்சத்தை இன்னும் வெளுப்பாகவும் போட வேண்டும். உள்ளது உள்ளபடி போட்டால் எட்ட இருந்து பார்க்கும்போது மொழுக்கென்று வேகாத மாவு மாதிரி இருக்கும். அண்ணிக்கு இது கையில் ஊறிவிட்டது. கை தானாகவே ஒன்றுக்கு இரண்டாகப் போடும்.

துரு வந்த கதை இது. ஹாலில் எழுதாத சட்டம் இன்னொன்றும் இருந்தது. புதுசாகச் சாயம் பூசிய பொம்மை முதல் ஆட்டத்திலேயே செத்துப்போகும். படித்தவன், வேலையில் இருப்பவன், பிள்ளை பெற்றவன் எல்லோரும் இதை மனதார நம்பினார்கள். அண்ணி கண்ணும் கருத்துமாகப் பூசி அனுப்பிய தளபதி, தங்கக் கவசமும் சிவப்பு அங்கியுமாக மேஜையில் இறங்கிய கையோடு, எதிரியின் முதல் பகடையிலேயே மண்ணைக் கவ்வினான். அடுத்த வாரம் பூசிக்கொடுத்தவனுக்கும் அதே கதிதான். கொழுந்தன் வீட்டுக்கு வந்து, பொம்மை புதுசாக இருந்ததுதான் தப்பு, பகடைக்குப் பொறுக்கவில்லை என்று அண்ணி மேலேயே பழியைப் போட்டான்.

அண்ணிக்கு வந்ததே கோபம். "புதுசுன்னு பகடைக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதானே? கொண்டாங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். அடுத்த தளபதியின் வாளில் துரு ஏறியது. அங்கியின் ஓரத்தில் சேறு. கேடயத்தில் நாலு இடம் பெயர்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. பூட்ஸில் ஒட்டுப்போட்ட தோல். பத்துச் சண்டை பார்த்து, பாதிச் சம்பளத்துக்கு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பவன் மாதிரி ஆகிவிட்டான் அவன். அந்த ஞாயிற்றுக்கிழமை தளபதி சாகவில்லை. கொழுந்தன் வழக்கம்போல் தோற்றான், ஆனால் தளபதி உயிரோடு இருக்கத் தோற்றான். அது போதாதா? ஹாலில் இருந்த அத்தனை பேரும் டப்பா டப்பாவாகப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணி, என் ஆளுக்கும் கொஞ்சம் துரு. அண்ணி, என் பூதத்துக்கும் கொஞ்சம் அழுக்கு. தலை நரைத்தவர்கள்கூட வெட்கமில்லாமல் அண்ணி என்றார்கள். இப்படித்தான் அவள் துரு அண்ணி ஆனாள்.

இதில் அவளுக்கு ஒரே கூட்டாளி மாமனார். ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். வீட்டிலும் கதவோரம் சாய்ந்துதான் நிற்பார். சாயந்திரம் டிப்போ கேன்டீனில் பழைய சிநேகிதர்களோடு டீ குடித்துவிட்டு வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். காய வைத்திருக்கும் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆள் எப்படி என்று சொல்வார். இவன் சில்லறை தரமாட்டான். இவன் படியில்தான் தொங்குவான், உள்ளே போகச் சொன்னால் முறைப்பான். இந்தப் பூதம் பார்க்கத்தான் இப்படி, எழுந்து பெரியவர்களுக்கு இடம் கொடுக்கும். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அது சாதாரணச் சிரிப்பு இல்லை. ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும் கேட்கவேண்டும் என்று பழகின சிரிப்பு. அண்ணி தூரிகையை மேலே தூக்கிக்கொள்வாள், இல்லாவிட்டால் வீரனுக்குக் கண் கோணலாகிவிடும்.

அப்புறம் மாமனாருக்குப் பல் ஆட ஆரம்பித்தது. ஒன்று ஆடியது, பக்கத்தில் இருந்ததும் ஆடியது, கடைசியில் டாக்டர் மிச்சம் மீதி எல்லாவற்றையும் எடுத்துவிடுவதே நல்லது என்று எடுத்துவிட்டார். மனுஷன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தத் துண்டு பிறகு இறங்கவே இல்லை.

அண்ணி தன் கையாலேயே அவருக்குப் பல் கட்டினாள். மேல் வரிசையும் கீழ் வரிசையும் நூல் பிடித்த மாதிரி. டாக்டர் போட்டுப் பார்த்து, கச்சிதம், இதற்கு மேல் ஒரு வாய்க்கு என்ன வேண்டும் என்றார். மாமனார் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு செட்டைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, அதன் மேல் ஒரு தட்டையும் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதிலிருந்து கேன்டீன் கிடையாது, அண்ணி பக்கத்து நாற்காலி கிடையாது. சிநேகிதர்கள் போன் பண்ணினால் மாமியார்தான் எடுப்பாள். முதலில் ஜலதோஷம் என்றாள், பிறகு முழங்கால் வலி, பிறகு தூங்குகிறார், எப்போது கேட்டாலும் தூங்குகிறார். குழையக் குழைய வடித்த சோறு அறைக்கே போயிற்று. அண்ணி தனியாக உட்கார்ந்து சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பொம்மைகள் வரிசையாக நின்றன, அவை யாரென்று சொல்ல ஆள் இல்லை. அவளுக்கு அது தாங்கவில்லை. மாமா பழையபடி வாயைத் திறந்து சிரிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்காக இந்தத் தூரிகை, சாயம், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்னால்கூட விட்டிருப்பாள், ஒரு வாரத்துக்காவது.

ஒருநாள் அறைக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பல் எங்கேயாவது குத்துகிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். கழன்று விழுகிறதா? அதுவும் இல்லை. பின்னே என்னதான் பிரச்சினை என்று அவள் விடாமல் கேட்க, மாமனார் துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். பல் இல்லாத வாயில் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

"செக்கர் இருக்கானே, அவன் மக வீட்டுக்குப் போயிருந்தப்ப அங்கயே பல்லு கட்டிட்டு வந்தான். வெள்ளை வெளேர்னு. அவனை நான் படுத்தின பாடு உனக்குத் தெரியாதும்மா. பளிங்குன்னு பேர் வெச்சேன். அவன் சிரிச்சா கண்ணு கூசுதுன்னு கையை வெச்சு மறைச்சேன். கரண்டு போனா, 'டேய், கொஞ்சம் சிரிடா, வெளிச்சம் வரட்டும்'னு சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவன் இப்பல்லாம் வாயைக் கையால பொத்திட்டுத்தான் சிரிக்கிறான். இப்ப நான் அதே மாதிரி ஒண்ணை மாட்டிட்டு எந்த மூஞ்சியோட அங்க போய் நிக்கிறது?"

செக்கர் என்பவர் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டையர் ஆனவர். மாமனாரோடு சர்வீஸ் முழுக்க ஒரே டிப்போ. கண்டக்டருக்கும் செக்கருக்கும் உள்ள ஜென்மப் பகை போக, மிச்சமெல்லாம் உயிர் சிநேகிதம்.

அண்ணிக்கு முதலில் மாமா மேல் கோபம்தான் வந்தது. பாவம், ஒரு மனுஷனைச் சிரிக்கவிடாமல் செய்துவிட்டு இங்கே வந்து படுத்துக்கொண்டிருக்கிறாரே என்று. ஆனால் துண்டுக்கு மேலே தெரிந்த கண்ணைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. பொய்ப் பல் கட்டியிருப்பது இவருக்குப் பிரச்சினை இல்லை, அது புதுசு என்று தெரிவதுதான் பிரச்சினை. புதுசைப் புதுசு என்று தெரியாமல் பண்ணுவதற்கு அண்ணியைவிட்டால் ஆள் ஏது? டம்ளரோடு செட்டைத் தூக்கிக்கொண்டாள். "ஒரு நாள் குடுங்க மாமா" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து டாக்டர் கிளம்பிய பிறகும் அவள் கிளம்பவில்லை. வாய்க்குள் போகக்கூடிய சாயங்கள் தனி, அவை அங்கே அலமாரியிலேயே இருந்தன. தூரிகை மட்டும் அவளுடையது. கிழவர் வாயில் இருந்த நிஜப் பல் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். சர்வீஸ் முழுக்க டிப்போ டீ குடித்த பல். ஈறு ஓரம் கொஞ்சம் மஞ்சள் வைத்தாள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் டீக் கறை ஓட்டினாள். விசிலைக் கடித்துக் கடித்து முன்பல் நுனியில் ஒரு தேய்மானம் உண்டு, அதை மெஷினில் லேசாக அரைத்துக் கொண்டுவந்தாள். ஒரு விரிசல். கோரைப்பல் அடியில் ஒரு நிழல். அந்த நிழல் போதாது என்று பட்டது, இன்னொரு நிழல். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குச் சாமி வந்துவிட்டது. எதிரில் இருப்பது ஒரு மாமனாரின் வாய் என்பதே மறந்துபோய், கோடரி தூக்கிய பூதத்துக்குப் போடுகிற மாதிரி போட்டுத் தள்ளினாள். விளக்குப் பெட்டியில் வைத்துச் சாயத்தை இறுக்கி, மெருகேற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தபோது உச்சி குளிர்ந்துவிட்டது. இதைவிட நல்லதாக அவள் எதையும் பூசியதில்லை.

வீட்டில் மாமனாரின் அறையில் வெளிச்சம் கம்மி. செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். பிறகு விரலால் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தார். "இது என் பல்லுதாம்மா" என்றார். மாமியார் கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு, இனிமேலாவது தட்டை நீங்களே எடுத்துட்டுப் போங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். துண்டு கொடிக்குப் போயிற்று. அடுத்த நாள் அண்ணிக்கு லீவு. நீயும் வாம்மா, கழண்டு விழுந்தா பொறுக்கி மாட்டிவிட ஆள் வேணும் என்று மாமனார் அவளையும் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட். சாயந்திர வெயில் நேராக மாமனார் முகத்தில் அடித்தது. அவர் அண்ணி பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தார். அண்ணிக்குப் பகீரென்றது.

வாயா அது? ஈறிலிருந்து கறுப்பு வழிந்து இறங்கியிருந்தது. பல்லுக்கு நடுவிலெல்லாம் சாக்கடை ஓரம் மாதிரி கோடு. முன்பல்லில் விரிசல் மேலேயிருந்து கீழே வரைக்கும். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டிய நிழலை, பக்கத்து சீட்டிலிருந்து பார்க்கிற வாயில் போட்டுவிட்டிருந்தாள். பொம்மைக்குப் பழகின கை, ஒன்றுக்கு இரண்டாகத்தானே போடும்? முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மாமனார் பழக்கதோஷத்தில் அவளைப் பார்த்தும் புன்னகை செய்தார். அந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

மாமா, இன்று வேண்டாம், எனக்குத் தலைவலி, வீட்டுக்குப் போய்விடலாம் என்று அண்ணி கெஞ்சிப் பார்த்தாள். கேன்டீன் டீயைக் குடித்தால் தலைவலி போய்விடும் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். பல் அசிங்கமாக இருக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒரே ஒரு சாயந்திரத்தில் மனுஷன் மறுபடியும் துண்டுக்குள் போய்விடுவார், அதுவும் தன்னால், என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

டிப்போ கேன்டீனில் வாசல் பக்கம் நீள பெஞ்சு. அங்கே ஹாரன் உட்கார்ந்திருந்தார். டிரைவராக இருந்தவர், குரலுக்காக வந்த பெயர். அவர் பக்கத்தில் செக்கர், ஒல்லியாக, சட்டைப் பையில் இன்னமும் சிவப்புப் பேனாவோடு. அண்ணி பக்கத்து மேஜையில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு முகத்தை அதற்குள் விட்டுக்கொண்டாள்.

மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். ஹாரன் டீயைக் கீழே வைத்தார்.

"என்னடா இது கண்றாவி? சிகரெட் பிடிக்கிறியா?"

கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஹாரனுக்கோ எல்லாம் புரிந்துவிட்டது. ஆள் இத்தனை நாள் வராததற்கும், போனில் பேசாததற்கும், எப்போது கேட்டாலும் தூங்கியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. இந்த வயசில் போய்க் கெட்ட பழக்கம், அதுவும் நம்மிடம் மறைத்துக்கொண்டு, வீட்டில் மருமகள் இருக்கிற இடத்தில், பல்லைப் பார் கரி பிடித்த அடுப்பு மாதிரி என்று வெளுத்து வாங்க ஆரம்பித்தார். டீ ஆற்றுகிறவர்கூடத் தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சொன்னார். மாமனார் முழித்தார். பிறகு மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவனுக்கும் தெரியவில்லை. பொய்ப் பல் என்கிற பேச்சே எழவில்லை. கண்டக்டர் மூளை சட்டென்று வேலை செய்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், பழகிவிட்டது, விடத்தான் பார்க்கிறேன் என்று வாழ்க்கையில் தொடாத சிகரெட்டுக்காக உருக்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அண்ணிக்கு டீ புரைக்கேறியது.

செக்கர் மட்டும் அதில் சேரவில்லை. மாமனாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற பஸ்ஸில் ஏறி அத்தனை முகத்துக்கு நடுவில் டிக்கெட் எடுக்காதவனை நேராகப் போய்ப் பிடிக்கிற கண் அது. புதுசாகப் பல் செட் போட்டவர்கள் பேசுவதற்கு முன்னால் கீழ் வரிசையை நாக்கால் ஒரு அமுக்கு அமுக்கிக்கொள்வார்கள். மாமனார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அமுக்கினார். போட்டவனுக்குத்தானே அது தெரியும்? செக்கரின் புருவம் மெல்ல ஏறியது. மாமனார் அதைப் பார்த்துவிட்டார், பேச்சு பாதியில் நின்றது. போச்சு, இனி செக்கர் தான் பட்டதற்கெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று அண்ணி நினைத்தாள். கொடுத்தால் அதில் தப்பும் இல்லை என்றும் பட்டது. இருந்தாலும் கொடுக்காமல் இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஹாரன் வறுத்த வேர்க்கடலைத் தட்டை மாமனார் பக்கம் தள்ளினார். பல் இந்த லட்சணத்தில் இருந்தால் கடலை கடிக்க முடியுமா என்று கடித்துக் காட்டச் சொன்னார். மாமனார் தட்டைப் பார்த்தார். ஒரு கடலை போதும், செட் எகிறி வெளியே வந்துவிடும்.

செக்கர் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"விடுப்பா. சொந்தப் பல்லு இருக்கிறவன் அதை எப்படியோ வெச்சுக்கட்டும். என்னை மாதிரி கழட்டி மாட்டிட்டா இருக்கான்? கடலை எனக்குத்தான் பிடிக்கும், இப்படி வை."

சொல்லிவிட்டு ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவராலும் கடிக்க முடியாது. ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அண்ணி அதைப் பார்த்தாள். மாமனாரும் பார்த்தார்.

மாமனார் செக்கர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, செக்கரின் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தார்.

"என்னோடதும் கழட்டி மாட்டுறதுதான்டா" என்றார். "உன்னை ரொம்பப் படுத்திட்டேன். தப்புதான்டா."

ஹாரன் மேஜை மேல் இருந்ததையும் மாமனாரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடியும் செட்டைப் பார்த்தார்.

"பொய் சொல்லாதடா" என்றார் ஹாரன். "பொய்ப் பல்லை யாராவது இவ்வளவு கேவலமா கட்டிக்குவாங்களா?"

மாமனார் நெஞ்சை நிமிர்த்திப் பக்கத்து மேஜையைக் காட்டினார். தன் மருமகள் தன் கையால் கட்டியது என்று அத்தனை பெருமையாக அறிவித்தார். எல்லாத் தலையும் திரும்பியது. அண்ணிக்கு டீ கிளாஸுக்குள் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் தேவலை என்று இருந்தது. அதே சமயம், கூச்சத்துக்கு அடியில் எங்கேயோ, ஹாரன் சொன்னதுதான் இத்தனை வருஷத்தில் தன் வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு என்றும் தோன்றியது.

செக்கர் மேல் வரிசையைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, டிக்கெட்டில் தேதி பார்க்கிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். விரிசலை நகத்தால் தடவினார். அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் கை தானாக வாயைப் பொத்தப் போயிற்று. மாமனார் அந்தக் கையைப் பிடித்து மேஜை மேல் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். எடுக்கவிடவில்லை.

"எனக்கும் இதே மாதிரி கொஞ்சம் அழுக்கு பண்ணிக் குடும்மா" என்றார் செக்கர், அண்ணியைப் பார்த்து. பிறகு மாமனாரின் பற்களை இன்னொரு தடவை நிதானமாகப் பார்த்தார். "ஆனா இவன் அளவுக்கு வேணாம். நான் சிகரெட்டை விட்டாச்சு."

மாமனார் ஒரு பல்கூட இல்லாத வாயை முழுசாகத் திறந்து சிரித்தார். கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தார். அண்ணிக்குக் கண் நிறைந்து வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளும் சிரித்தாள்.